மாரடைப்புக்குப் பின் இதயத்துக்கு மைக்ரோ ஆர்என்ஏ: எக்சோசோமில் அனுப்புவதா, செயற்கையாகச் செய்வதா, வைரஸில் ஏற்றுவதா?

ஸ்டெம் செல் வெளியிடும் எக்சோசோமில் (செல்லிலிருந்து பிரியும், சவ்வு மூடிய நுண்துகளில்) உள்ள ஏதோ ஒரு ஆர்என்ஏ, மாரடைப்பில் சிதைந்த இதயத்தைக் காக்கிறது. இந்தத் துறையில் எழுதப்படும் ஆய்வுத் திட்டங்களில் பல இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன. மிர்-21, மிர்-22, மிர்-146ஏ, மிர்-182, மிர்-210 என்று மைக்ரோ ஆர்என்ஏக்களின் (மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்களின்) பெயர்ப் பட்டியலும் நீளமானது. பெயரைத் தேர்ந்தெடுப்பது சுலபம். அதை எலியின் இதயத்துக்குள் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி வரும்போதுதான் மாணவர்களும் வழிகாட்டிகளும் திணறுகிறார்கள். இயற்கையான எக்சோசோம், ஆர்என்ஏ ஏற்றிய எக்சோசோம், செயற்கை ஆர்என்ஏ, மரபணுவைச் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸ் என நான்கு வழிகள் முன்னால் இருக்கின்றன. நான்கையும் ஆதரிக்கும் கட்டுரைகள் நூலகத்தில் உண்டு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதாமல் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒன்று, அந்த ஆர்என்ஏ இதயத்தில் எத்தனை நாள் இருக்க வேண்டும்? இரண்டு, "எக்சோசோம் வேலை செய்கிறது" என்று காட்டப்போகிறீர்களா, "இந்த ஆர்என்ஏ வேலை செய்கிறது" என்று காட்டப்போகிறீர்களா? இரண்டும் வேறு வேறு ஆய்வுகள். ஒன்றுக்கான சோதனையை வைத்துக்கொண்டு மற்றதை எழுதுவதால்தான் நடுவர்களிடமிருந்து கட்டுரைகள் திரும்பி வருகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை பிரதி போய்ச் சேரும். இதுதான் தலையாயது, பலரும் போடாத கணக்கும் இதுதான். ஒரு எக்சோசோமுக்குள் ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்என்ஏ சராசரியாக ஒரு பிரதிகூட இருப்பதில்லை என்று 2014ல் வெளியான அளவீடு காட்டியது. மிகுதியாக உள்ள மைக்ரோ ஆர்என்ஏவுக்கே நூறு துகளுக்கு ஒன்று என்ற அளவுதான். இதை வைத்து எலிக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஊசியில் 1,000 கோடி துகள் என்றால் அதில் 10 கோடி பிரதி. எலி இதயத்தில் தசைச் செல்கள் சுமார் 23 லட்சம். ஒரு துகள்கூட வீணாகாமல் தசைச் செல்களுக்குள் மட்டுமே போனாலும் செல்லுக்கு 43 பிரதி. இருபதில் ஒரு பங்குதான் இதயத்தில் தங்கியது என்றால் 2 பிரதி. ஒரு மைக்ரோ ஆர்என்ஏ தன் இலக்கு மரபணுக்களை உணரத்தக்க அளவில் அடக்க, செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். இந்தப் பக்கம், செயற்கை மிமிக் (மைக்ரோ ஆர்என்ஏவைப் போலவே செய்த ஆர்என்ஏ) ஒரு நானோமோல், அதாவது சுமார் 14 மைக்ரோகிராம், 6 கோடி கோடி மூலக்கூறுகள். எக்சோசோம் ஊசியைவிட 60 லட்சம் மடங்கு. அதில் பெரும்பகுதி சிதைந்தாலும் செல் விழுங்கியதை அடைத்துவைக்கும் எண்டோசோம் பையில் சிக்கிக்கொண்டாலும் மிச்சம் ஏராளம்.

எத்தனை நாள் இருக்கும். ரத்த ஓட்டம் மீண்டும் திறக்கும்போது ஏற்படும் சேதம் நிமிடங்களிலும் மணிகளிலும் நடக்கிறது. அழற்சி முதல் வாரம். வடு இறுகுவது பின்வரும் வாரங்களில். தசைச் செல் பெருக்கம் உங்கள் இலக்கு என்றால் இரண்டொரு வாரம் போதும். அதற்கு மேல் ஆபத்து.

நிறுத்த முடியுமா. கெட்ட விளைவு தெரிந்தால் மருந்தை விலக்க வழி உண்டா என்பது.

காரணத்தைப் பிரித்துக் காட்ட முடியுமா. எக்சோசோமில் புரதமும் கொழுப்பும் நூற்றுக்கணக்கான ஆர்என்ஏக்களும் இருக்கின்றன. உங்கள் ஆர்என்ஏதான் காரணம் என்று எந்த கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) சொல்லும்?

மறைந்திருக்கும் செலவு. வினைப்பொருள், கிட் விலைப்பட்டியலில் வராத ஆள் உழைப்பு, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் நேரம், தொகுதிக்குத் தொகுதி மாறும் தரம்.

## வழி 1: ஸ்டெம் செல் எக்சோசோம், உள்ளது உள்ளபடி

எலும்பு மஜ்ஜை போன்ற திசுக்களிலிருந்து எடுக்கும் மீசென்கைமல் ஸ்டெம் செல்லின் எக்சோசோம் எலி இதயத்தில் சேதப் பரப்பைக் குறைக்கிறது என்பதை சிங்கப்பூரின் சாய் கியாங் லிம் குழு 2010ல் காட்டியது. அதன் பிறகு மலைபோல் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. ஆகவே "எக்சோசோம் உதவுகிறது" என்று மட்டும் காட்டப் புதிதாக ஒரு ஆய்வு தேவையில்லை. அதே குழுவினர் 2018ல் ஒரு படி மேலே போய், இந்த எக்சோசோம்களின் பலனுக்கு ஆர்என்ஏவைவிடப் புரதங்களே பொருத்தமான விளக்கம், கைவசமுள்ள மைக்ரோ ஆர்என்ஏ அளவு அதற்குப் போதாது என்று வாதிட்டார்கள். ஆர்என்ஏ பற்றி எழுதப்போகும் எவரும் இந்த வாதத்தைச் சந்தித்தே ஆக வேண்டும்.

மறுபக்கச் சான்றும் உண்டு. இதயத் திசுவிலிருந்து வளர்க்கும் கார்டியோஸ்ஃபியர் செல்லின் எக்சோசோமில் மிர்-146ஏ மிகுதி என்று லாஸ் ஏஞ்சலிஸில் மார்பன் குழு 2014ல் கண்டது. மிர்-146ஏ மிமிக்கை மட்டும் தனியே கொடுத்தபோது எக்சோசோமின் பலன்களில் சில கிடைத்தன, எல்லாம் கிடைக்கவில்லை. 2017ல் அதே குழு, அந்த எக்சோசோம்களில் நிறைந்திருக்கும் ஒய் ஆர்என்ஏ (ஒரு வகைச் சிறு ஆர்என்ஏ) துண்டு ஒன்று, மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10ஐத் தூண்டுகிறது என்று காட்டியது. எங்களுக்கு இந்த இரண்டாவது முடிவுதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது. காரணம், இலக்குச் செல் மேக்ரோபேஜ். துகளை விழுங்குவதே அதன் தொழில். தசைச் செல்லுக்குப் போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது.

வேலை எவ்வளவு என்று பார்ப்போம். மூன்றாவது முதல் ஐந்தாவது பாசேஜ் (தட்டு மாற்றி வளர்த்த முறை) வரையிலான செல்கள், 70 முதல் 80 சதவீதம் நிரம்பியதும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, சீரம் இல்லாத மீடியத்தில் 48 மணி நேரம். பிறகு சுழற்றுவது: 300 ஜி (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) 10 நிமிடம், 2,000 ஜி 20 நிமிடம், 10,000 ஜி 30 நிமிடம், கடைசியில் 1,00,000 ஜி 70 நிமிடம். எல்லாம் 4 டிகிரியில். செல்லுக்குச் சில ஆயிரம் துகள் கிடைத்து, சுத்திகரிப்பில் பாதிக்கு மேல் போகும் என்று வைத்தால், ஒரு எலிக்கு 1,000 கோடி துகள் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு கோடி செல், அதாவது செல் வளர்க்கும் டி-175 ஃப்ளாஸ்க் ஐந்து. பத்து எலி கொண்ட ஒரு குழுவுக்கு 50 ஃப்ளாஸ்க். விண்ணப்பத்தில் இந்த எண்ணிக்கையை யாரும் எழுதுவதில்லை. பாதி வழியில் செல் போதாமல் வேறொரு டோனரின் செல்லுக்கு மாறுகிறார்கள். அதோடு ஆய்வின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒப்பிட முடியாதவை ஆகிவிடுகின்றன.

கெட்டுப்போகும் இடங்கள்:

- கன்றுச் சீரத்திலேயே எக்சோசோமும் மைக்ரோ ஆர்என்ஏவும் இருக்கின்றன. சீரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் 1,00,000 ஜிக்கு மேல் 18 மணி நேரம் சுழற்றி எடுங்கள். அதுவும் முழுக்க நீக்காது. செல் படாத வெறும் மீடியத்தை அதே முறையில் சுழற்றிக் கிடைத்ததை ஒரு கன்ட்ரோலாக எலிக்கும் போடுங்கள்.
- சீரம் இல்லாமல் வைத்த செல்கள் சாகத் தொடங்கினால் நீங்கள் சேகரிப்பது எக்சோசோமோடு கலந்த செத்த செல் துணுக்கு. அறுவடை நாளில் உயிருள்ள செல் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள்.
- பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த வீழ்படிவு கிட் விரைவானது. ஆனால் மைக்ரோ ஆர்என்ஏ வேலை செய்யத் துணையான ஆர்கோனாட்-2 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு துகளுக்கு வெளியே மிதக்கும் மைக்ரோ ஆர்என்ஏவையும் சேர்த்து இழுத்துவரும். ஆர்என்ஏ பற்றிய ஆய்வுக்கு அது உதவாது.
- துகள் எண்ணும் கருவி புரதக் கட்டியையும் துகள் என்றுதான் எண்ணும். ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடி துகளுக்கு மேல் இருந்தால் சுத்தம். 150 கோடிக்குக் கீழே போனால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் புரதம்.

இன்னொன்று, உடலுக்குள் செலுத்தும் வழி. நரம்பில் (சிரையில்) ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். பன்றிகளில் 2017ல் வந்த முடிவு இன்னும் கடுமையானது: அதே கார்டியோஸ்ஃபியர் எக்சோசோம், கரோனரி ரத்தக்குழாய் வழியே கொடுத்தபோது பலன் இல்லை, இதயத் தசைக்குள் நேராகச் செலுத்தியபோது பலன் இருந்தது.

எப்போது இது சரி: கலவை முழுவதும்தான் உங்கள் மருந்து என்று சொல்லும்போது, அழற்சியும் மேக்ரோபேஜும் இலக்காக இருக்கும்போது, முதல் சில நாள் விளைவு போதுமென்னும்போது.

## வழி 2: ஆர்என்ஏ ஏற்றிய எக்சோசோம்

பிரதி போதவில்லை என்ற குறையை இது தீர்க்கும் என்று தோன்றும். இரண்டு விதமாக ஏற்றுகிறார்கள்.

முதலாவது, பிரித்தெடுத்த எக்சோசோமை ஆர்என்ஏவோடு கலந்து மின் துடிப்பு கொடுப்பது. இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மின்முனையிலிருந்து வெளியேறும் உலோக அயனிகளோடு சேர்ந்து ஆர்என்ஏ கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். சுழற்றினால் எக்சோசோமோடு சேர்ந்து அடியில் தங்கும். அதை அளந்துவிட்டு "25 சதவீதம் ஏறிவிட்டது" என்று எழுதுவார்கள். திரளாமல் தடுத்து அளந்தபோது உண்மையில் ஏறியது 0.05 சதவீதத்துக்கும் குறைவு என்று 2013லேயே ஒரு குழு காட்டியது. எக்சோசோமே இல்லாமல் ஆர்என்ஏவுக்கு மட்டும் அதே துடிப்பைக் கொடுத்து, அதே வேகத்தில் சுழற்றி, அடியில் எவ்வளவு தங்குகிறது என்று பாருங்கள். இந்த ஒரு கன்ட்ரோல் இல்லாத ஏற்றக் கணக்கை நாங்கள் நம்புவதில்லை.

இரண்டாவது, தாய்ச் செல்லிலேயே, மரபணுவைப் புகுத்தும் லென்டிவைரஸ் மூலம் அந்த மைக்ரோ ஆர்என்ஏவை மிகுதியாகச் செய்யவைப்பது. கட்டி பிரச்சினை இல்லை. ஆனால் தாய்ச் செல்லின் குணமே மாறுகிறது. எக்சோசோமின் மற்ற ஆர்என்ஏக்களும் புரதங்களும் சேர்ந்து மாறுகின்றன. வெற்று வெக்டர் (அந்த மைக்ரோ ஆர்என்ஏ இல்லாத அதே வைரஸ்) ஏற்றிய செல்லின் எக்சோசோம்தான் சரியான ஒப்பீடு, வெறும் பிபிஎஸ் அல்ல. மிமிக்கை லிப்பிட் (கொழுப்பு) வினைப்பொருளால் தாய்ச் செல்லுக்குள் செலுத்துபவர்கள், அந்த லிப்பிட் துகள்களே மீடியத்தில் தங்கி எக்சோசோமோடு சேர்ந்து இறங்குவதைக் கவனிக்க வேண்டும்.

எந்த விதமானாலும் ஆர்என்ஏ துகளுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று காட்ட மூன்று குழாய்கள் வேண்டும். எதுவும் சேர்க்காத குழாய் ஒன்று. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே போட்டு, அதை முடக்கிய பின் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஏ போட்டது ஒன்று. முதலில் டிரைட்டான் எக்ஸ்-100ஆல் சவ்வைக் கரைத்துவிட்டு அவை இரண்டும் போட்டது ஒன்று. இரண்டாவதில் ஆர்என்ஏ தப்பி, மூன்றாவதில் அழிந்தால்தான் அது உள்ளே இருந்தது. புரோட்டினேஸ் இல்லாமல் ஆர்என்ஏஸ் மட்டும் போட்டால் ஆர்கோனாட் புரதம் காத்த ஆர்என்ஏவையும் உள்ளே இருப்பதாக நினைத்துவிடுவீர்கள்.

அளவிடும்போது யூ6 என்ற சிறு ஆர்என்ஏவை உள் ஒப்பீடாக வைக்காதீர்கள். அது செல்லின் உட்கருவுக்கு உரியது. எக்சோசோமில் நிலையாக இருக்காது. பிரித்தெடுக்கும் முன்பே லைசிஸ் பஃபரில் சி. எலிகன்ஸ் புழுவின் மிர்-39ஐத் தெரிந்த அளவு சேர்த்து அதோடு ஒப்பிடுவதே வழக்கம்.

அடுத்த சிக்கல் நுட்பமானது. பாதுகாக்கப்பட்ட மைக்ரோ ஆர்என்ஏக்களின் வரிசை மனிதனிலும் எலியிலும் பெரும்பாலும் ஒன்றே. எலி இதயத்தில் மிர்-21 கூடியது என்றால் அது மனித எக்சோசோமிலிருந்து வந்ததா, எலிச் செல்லே புதிதாகச் செய்ததா? காயம் பட்ட இதயம் தானாகவே மிர்-21ஐக் கூட்டும். முன்னோடி வடிவமான பிரை-மிர்-21ஐ அளந்தால் பாதி விடை கிடைக்கும்: முதிர்ந்தது மட்டும் கூடி, முன்னோடி கூடவில்லை என்றால் வெளியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மைக்ரோ ஆர்என்ஏ நீக்கப்பட்ட எலி கிடைத்தால் முழு விடை.

எப்போது இது சரி: எக்சோசோமின் இயல்பான பலனோடு ஒரு ஆர்என்ஏவின் பலனையும் கூட்ட விரும்பும்போது. ஆனால் இந்த நான்கில் அதிக கன்ட்ரோல் தேவைப்படுவது இதற்குத்தான். மூன்று ஆண்டு நிதியும் ஒரே ஒரு மாணவரும் உள்ள ஆய்வகத்துக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

## வழி 3: செயற்கை மிமிக் அல்லது ஆன்டிமிர்

"இந்த ஆர்என்ஏதான் காரணம்" என்று நிறுவ இதைவிட நேரான பாதை இல்லை. அளவு உங்கள் கையில். தொகுதி மாற்றம் இல்லை. குலைத்த வரிசையைக் கொண்ட கன்ட்ரோலும் அதே நிறுவனத்திலேயே கிடைக்கும்.

2012ல் டிரியெஸ்டேயில் மவ்ரோ ஜாக்கா குழு 875 மிமிக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் மிர்-199ஏ-3பி, மிர்-590-3பி இரண்டும் தசைச் செல்லைப் பெருகச் செய்கின்றன என்று கண்டது. 2017ல் அதே இரண்டையும் லிப்பிடோடு சேர்த்து எலி இதயத் தசைக்குள் ஒரே ஒரு ஊசியாகக் கொடுத்தபோது அவை சில நாட்கள் இதயத்தில் தங்கின, செயல்திறனும் மேம்பட்டது. பெருக்கத்தைத் தூண்டும் ஆர்என்ஏவுக்கு இப்படித் தங்கிப் பின் மறைவதே வேண்டிய குணம்.

கல்லீரலுக்காக உருவான லிப்பிட் நானோ துகளை நரம்பில் ஏற்றி இதயத்தை எதிர்பார்க்காதீர்கள். ரத்தத்தில் அபோலிப்போபுரதம்-இ அதன் மேல் படிந்து நேரே கல்லீரலுக்கு இட்டுச்செல்லும். இதயத் தசைக்குள் ஊசி போடுவதாக இருந்தால், வெளிறிய பகுதியின் விளிம்பில் இரண்டு மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் 10 மைக்ரோலிட்டர், 30 கேஜ் ஊசி. ஊசியைச் சாய்வாக நுழைத்து, செலுத்திய பின் சில நொடி நிறுத்தி எடுங்கள். துடிக்கும் இதயம் உள்ளே போனதைத் துளை வழியே பிதுக்கித் தள்ளிவிடும். பல ஆய்வுகளில் எலிக்கு எலி முடிவு சிதறுவதற்கு மருந்தல்ல, இந்தக் கசிவே காரணமாக இருக்கலாம்.

மறைந்த செலவு இரண்டு. இரட்டை இழை ஆர்என்ஏ, செல்லின் வைரஸ் எதிர்ப்பு உணர்விகளைத் தூண்டும். இன்டர்ஃபெரான்-பீட்டாவை அளக்காமல் விட்டால் அழற்சியின் விளைவை மைக்ரோ ஆர்என்ஏவின் விளைவாக எழுதிவிடுவீர்கள். அளவு மிகுந்தால் வந்த மிமிக் ஆர்கோனாட் புரதங்களை நிரப்பி, செல்லின் சொந்த மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு இடமில்லாமல் செய்யும். மூன்று அளவுகளிலாவது சோதியுங்கள். மிகக் குறைந்த அளவில் பலன் தெரிந்தால்தான் அது நம்பத்தக்கது.

உங்கள் ஆர்என்ஏ இதயத்துக்குக் கெடுதல் செய்வதாக இருந்தால் பாதை இன்னும் சுலபம். ஆன்டிமிர் என்பது ஒரு மைக்ரோ ஆர்என்ஏவைத் தடுக்கும் சிறிய ஒற்றை இழை. லிப்பிட் உறை இல்லாமலே ரத்தத்தில் தாங்கும், வாரக்கணக்கில் வேலை செய்யும். மிர்-132ஐத் தடுக்கும் சிடிஆர்132எல் மருந்து இதயச் செயலிழப்பு நோயாளிகள் 28 பேரிடம் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டு, 2021ல் முடிவு வெளியானது. இதயத்துக்கான மைக்ரோ ஆர்என்ஏ மருந்தாக மனிதரை முதலில் எட்டியவற்றில் ஸ்டெம் செல்லும் இல்லை, எக்சோசோமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

## வழி 4: ஏஏவி வைரஸ்

எலிக்கு ஏஏவி-9 நரம்பில் போட்டாலே இதயத்தில் நன்றாகப் பரவும். 10,000 கோடி முதல் ஒரு லட்சம் கோடி வெக்டர் பிரதி வரை வழக்கமான அளவு. இதயத் தசையில் மட்டும் இயங்கும் ட்ரோபோனின்-டி ப்ரொமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) வைத்தால் வெளிப்பாடு தசைச் செல்லோடு நிற்கும். படிப்படியாக ஏறி முழு அளவை எட்ட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆகவே மாரடைப்பு அன்று போட்டு, அன்றைய சேதத்தைத் தடுத்ததாக எழுத முடியாது.

இந்த வழியின் முக்கியமான பாடம் பன்றிகளிடமிருந்து வந்தது. மிர்-199ஏவை ஏஏவி-6ல் ஏற்றி, மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளின் இதயத்துக்குக் கொடுத்தார்கள். 2019ல் ஜாக்கா, ரெக்கியா குழுக்களின் கட்டுரை. ஒரு மாதத்தில் வடு சுருங்கியது, தசை கூடியது, சுருங்கும் திறன் மேம்பட்டது. ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் பெரும் வெற்றி. தொடர்ந்து கண்காணித்தபோது பெரும்பாலான பன்றிகள் இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து திடீரென்று இறந்தன. முதிராத, தசைச் செல் முன்னோடி போன்ற செல்கள் இதயத்துக்குள் பெருகி ஊடுருவியிருந்தன. அதே ஆர்என்ஏ, செயற்கை மிமிக்காகச் சில நாள் இருந்துவிட்டுப் போனபோது எலியில் நன்மை. வைரஸிலிருந்து நிற்காமல் ஊறியபோது பன்றியில் மரணம். விலங்கும் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் எத்தனை நாள் என்ற கேள்வியை முதலில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

வைரஸிலிருந்து மடிந்த வடிவ ஹேர்பின் ஆர்என்ஏவை அளவுக்கு மேல் செய்தால், அதை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் எக்ஸ்போர்ட்டின்-5 வழி அடைபட்டு எலிகள் இறக்கும் என்பது 2006லேயே கல்லீரலில் காட்டப்பட்டது. ஆகவே ஈசிஜி டெலிமெட்ரி (இதயத் துடிப்பைத் தொலைவிலிருந்து இடைவிடாமல் பதிவது) இல்லாமல், எட்டு வாரத்துக்கும் குறைவான கண்காணிப்போடு, பெருக்கத்தைத் தூண்டும் ஆர்என்ஏவை ஏஏவியில் கொடுக்கும் திட்டத்தை நெறிக்குழு திருப்பி அனுப்பினால் அது நியாயம்தான்.

எப்போது இது சரி: வடு, விரிவு போன்ற மாதக்கணக்கான மாற்றம் இலக்காக இருக்கும்போது, கெடுதல் செய்யும் ஒன்றை நீண்ட நாள் அடக்க வேண்டியிருக்கும்போது, கீழே வரும் நீள ஆர்என்ஏக்களுக்கு.

## நீள ஆர்என்ஏவும் வட்ட ஆர்என்ஏவும்

மேலே சொன்னவை மைக்ரோ ஆர்என்ஏவுக்கு. எச்19 போன்ற நீள ஆர்என்ஏ 2,300 எழுத்து (நியூக்ளியோடைடு) அளவு; வேதிமுறையில் செய்ய முடியாது. ஏஏவியின் 4,700 எழுத்துக் கொள்ளளவுக்குள் அடங்கும். எக்சோசோமில் எச்19 இருக்கிறது என்று சொல்லும் முன் முன்பகுதி, நடு, பின்பகுதி மூன்றுக்கும் தனித்தனி ப்ரைமர் (பிசிஆரில் இலக்கைப் பிடிக்கும் சிறு துண்டு) வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு 120 எழுத்துத் துண்டு பெருகியதை வைத்து முழு ஆர்என்ஏவும் உள்ளே இருப்பதாக எழுத முடியாது. வட்ட ஆர்என்ஏவுக்கு நேர் ஆர்என்ஏவை மட்டும் சிதைக்கும் ஆர்என்ஏஸ்-ஆர் நொதியைத் தாங்குகிறதா என்ற சோதனையும், இணைப்பு முனையின் குறுக்கே எதிரெதிர் திசை ப்ரைமரும் குறைந்தபட்சம்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | இயற்கை எக்சோசோம் | ஏற்றிய எக்சோசோம் | மிமிக் / ஆன்டிமிர் | ஏஏவி |
|---|---|---|---|---|
| செல்லுக்குப் பிரதி | மிகக் குறைவு | நிச்சயமில்லை | மிக அதிகம் | அதிகம், படிப்படியாக ஏறும் |
| இருக்கும் காலம் | மணி முதல் நாள் | நாள் | நாள் / வாரம் | மாதம், அதற்கும் மேல் |
| நிறுத்துதல் | தானே மறையும் | தானே மறையும் | ஊசியை நிறுத்தினால் போதும் | முடியாது |
| காரணம் பிரித்தல் | கடினம் | மிகக் கடினம் | எளிது | எளிது |
| பெரிய மறைசெலவு | செல் வளர்ப்பு, டோனர் மாற்றம் | கன்ட்ரோல்களின் எண்ணிக்கை | இன்டர்ஃபெரான், கசிவு | நீண்ட கண்காணிப்பு |

## எங்கே தொடங்குவது

எந்த வழி பிடித்திருந்தாலும் முதல் இரண்டு மாத வேலை ஒன்றுதான். எக்சோசோமில் உங்கள் ஆர்என்ஏ எத்தனை துகளுக்கு ஒன்று என்று டிஜிட்டல் பிசிஆரில் எண்ணுங்கள். பிறகு வளர்ப்புத் தட்டில் அதே எண்ணிக்கை மிமிக்கைச் செல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த அளவில் ஒன்றுமே நடக்கவில்லை, எக்சோசோம் மட்டும் வேலை செய்கிறது என்றால் உங்கள் ஆர்என்ஏ காரணமில்லை. புரதத்தையோ வேறு ஆர்என்ஏவையோ தேடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எலி ஒன்றும் சாக வேண்டியதில்லை.

அந்த அளவிலேயே பலன் தெரிந்தால் மிமிக்கோடு எலிக்குப் போங்கள், எக்சோசோமை இணைக் குழுவாக வையுங்கள். மேக்ரோபேஜ்தான் இலக்கு என்று தெரியவந்தால் முதல் வழியிலேயே இருங்கள். ஏஏவியைக் கடைசியாக, மிமிக்கில் அளவும் காலமும் தெரிந்த பிறகு எடுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வந்து, எக்சோசோம் ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு விடை வேறு. அமெரிக்க எஃப்டிஏ எந்த எக்சோசோம் பொருளுக்கும் ஒப்புதல் தரவில்லை என்று 2019 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. இந்தியாவில் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் பதிவுசெய்த மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். பணம் கேட்டால், ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாமல் தொடருங்கள்.